கூட்டு விளையாட்டும் கூட்டாளிகளும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கைத்தொலைபேசி விளையாட்டுகளால் எமது பிள்ளைகள் தனித்துப்போகிறார்கள் என்று தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். நேரம் வீணாவது பற்றிய கவலையில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் பலர் சேர்ந்து விளையாடும் இணைய விளையாட்டுகளுக்கு அந்தக் குற்றச்சாட்டுப் பொருந்தாது; முன்பின் அறியாதவர்களையும் கூட்டாளிகளாக்கும் நோக்கோடு அவற்றின் விதிகள் திட்டமிட்டே அமைக்கப்படுகின்றன. பார்க்க வேண்டியது, எந்த விதி எத்தகைய நட்பை உண்டாக்குகிறது என்பதையே.

1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டில், சண்டை முடிந்ததும் மந்திரவாதியாக ஆடுபவர் இழந்த சக்தியைப் பெற நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழுவினரும் காத்திருப்பார்கள், காத்திருந்தவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். எமது வாசிகசாலைகளில் அடுத்தவர் கையிலுள்ள பத்திரிகைத் தாளுக்காகக் காத்திருந்தபோது தொடங்கிய பழக்கங்கள் எத்தனை! 2004இல் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் அடியைத் தாங்குபவர், காயம் ஆற்றுபவர், தாக்குபவர்கள் என ஐவர் கூடியே நிலவறைகளை வெல்ல வேண்டியிருந்தது. ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஒருவர் எடுத்த நற்பெயருக்கு அங்கே மதிப்பிருந்தது. 2009 டிசெம்பரில், பல சேர்வர்களிலிருந்தும் (ஆடுபவர்கள் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து ஆடும் உலகங்களிலிருந்தும்) ஆட்களைத் தானாகவே பொறுக்கிச் சேர்க்கும் வசதி வந்தது. அலைச்சல் தீர்ந்தது, ஆனால் சேர்ந்தவர்கள் மறுமுறை சந்திக்க வாய்ப்பின்றிப் பிரிந்தார்கள். 2019இல் பழைய வடிவத்தை மீள வெளியிட்டபோது அந்த வசதியை விட்டுவிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

2012இல் வந்த, முன்பின் அறியாத இருவர் சேர்ந்து பயணிக்கும் ஜேர்னி என்ற விளையாட்டில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒருவரையொருவர் தள்ளி விழுத்தும் விளையாட்டாக அது மாறுவதைச் சோதனைக் கட்டத்தில் கண்ட, அதை வடிவமைத்த ஜெனோவா சென் குழுவினர், உடல்கள் மோதுவதையே நீக்கி, அருகில் நின்றால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும்படி செய்தார்கள். ஆட்களைத் திருத்த முயலாமல் விதியைத் திருத்தினார்கள்.

எங்கள் ஒழுங்கையில், ரியூசன் விட்டதும் சைக்கிள்களை மதிலோடு சாய்த்துவிட்டு நான்கு பையன்கள் ப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுவார்கள். ஒருவன் அடிபட்டு விழுந்தால் "ரிவைவ் தாடா" என்பான், அதாவது தன்னைத் தூக்கி எழுப்பச் சொல்வான். தூக்கப் போகிறவன் சில வினாடிகள் சுடமுடியாமல், எதிரிக்கு இலக்காக நிற்க வேண்டும். தன் உயிரைப் பணயம் வைத்தே உதவ வேண்டியிருப்பதால் அந்த உதவிக்குப் பெறுமதி உண்டு. ரொறன்ரோவிலும் பாரிசிலும் வளரும் மச்சான்மாரோடு கதைக்க விடயமின்றி இருந்த பிள்ளைகள், இப்படியொரு ஆட்டத்தில் சேர்ந்தபின் நாள்தோறும் கதைப்பதையும் காண்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. பப்ஜி மொபைலில் இருவருக்கிடையிலான நெருக்கத்துக்குச் 'சினர்ஜி' என்றொரு எண் இருக்கிறது. சேர்ந்து விளையாடினாலும் அது உயரும். காசு கொடுத்து வாங்கிய பரிசை அனுப்பினாலும் உயரும். முன்னதை நான் குறைசொல்ல மாட்டேன். பின்னது, கூட்டாளி மனம் நோகக்கூடாது என்ற பிள்ளையின் கூச்சத்தை வியாபாரமாக்குவது. தினமும் வராவிட்டால் வெகுமதி போய்விடும் என்ற ஏற்பாடுகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஆகவே, எத்தனை மணித்தியாலம் விளையாடினாய் என்று கேட்கும் பெற்றோர், யாரோடு விளையாடினாய், யாருக்கு என்ன அனுப்பினாய் என்றும் கேட்பது நல்லது. தங்கள் மாணவர் பக்கத்தில் இதைப் பற்றி விளையாடும் பிள்ளைகளையே எழுதச் செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.