அக்காவுக்கு: உங்கள் கேள்வி படிவத்தில் வருகிறது

அன்புள்ள அக்கா,

நேற்று குழு ஒப்புக்கொண்டுவிட்டது. நம் புத்தாக்கக் கணக்கெடுப்பின் (நிறுவனங்கள் புதிதாக என்ன செய்தன என்று கேட்கும் கணக்கெடுப்பின்) அடுத்த சுற்றில், மாதிரியில் உள்ள நிறுவனங்களில் பாதிக்குப் பழைய கேள்வி, மீதிப் பாதிக்கு உங்கள் கேள்வி. போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் எடுக்கமாட்டீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேன்.

யார் எதிர்த்தார்கள், யார் கடைசி நேரத்தில் வாயைத் திறக்கவில்லை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது என் மனசு முழுக்க அந்த அட்டைப்பெட்டிப் பட்டறையில்தான் இருந்தது. நம் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லி முடித்தாரே, அந்த முதலாளி. ஆராய்ச்சிச் செலவு பூஜ்யம். காப்புரிமை பூஜ்யம். புதிய செயல்முறை இல்லை. படிவத்தை மூடிவிட்டு எழுந்த பிறகுதான் அவர் வெட்டு இயந்திரத்தைக் காட்டினார். அட்டை கொஞ்சம் கோணலாக வந்தாலும் பிளேடு இறங்காமல் தானே நின்றது. சென்சாரை அவரே வாங்கிப் பொருத்தியிருந்தார். வீணாகும் அட்டை பெருமளவு குறைந்துவிட்டதாம். அந்தச் செலவை எங்கே எழுதினீர்கள் என்று நீங்கள் கேட்டதும் கணக்கு நோட்டைப் புரட்டினார். ‘பராமரிப்பு’ என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி: சென்சார், வயர், வெல்டிங் கூலி.

நான் ‘இல்லை’யை ‘ஆம்’ என்று திருத்தப் பேனாவைத் திறந்தேன். “அது அவர் சொன்ன பதில், நீ கை வைக்காதே” என்றீர்கள். அவர் முன்னாலேயே அப்படிச் சொன்னது எனக்கு அன்று சுருக்கென்றது, இன்றும்தான். ஆனால் வாசலுக்கு வந்ததும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். புத்தாக்கம் செய்தீர்களா என்று எடுத்த எடுப்பில் கேட்கக்கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வேலை நடக்கும் விதத்தில் என்ன மாறியது என்று முதலில் கேட்கவேண்டும். இயந்திரத்தில் நீங்களே செய்த மாற்றம், சரக்கு அனுப்பும் முறை, ஆட்களைப் பிரித்து வேலை கொடுக்கும் விதம் என்று எடுத்துக்காட்டுகளைக் கீழே கொடுக்கவேண்டும். நின்றபடியே எழுதினீர்கள். அவ்வளவு அழகான வினாவை நான் பார்த்ததில்லை அக்கா.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு இது இரண்டு பேரின் பிடிவாதமாகத் தெரியலாம். அவர்களுக்காகக் கொஞ்சம். OECD என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பிடமிருந்து 1963-இல் வந்த ஃப்ரஸ்காட்டி கையேடு ஆராய்ச்சி மேம்பாட்டுக்குப் போகும் பணத்தையும் ஆட்களையும் எண்ணக் கற்றுக்கொடுத்தது. உள்ளே போவது அதில் தெரியும், வெளியே வருவது தெரியாது. காப்புரிமையை எண்ணலாம் என்றால், மருந்துத் துறை அதை மிகவும் நம்பியிருக்கிறது. வேறு பல துறைகளோ ரகசியத்தையும் சந்தைக்கு முந்திக்கொள்வதையும்தான் நம்புகின்றன. அதனால்தான் 1992-இல் அதே அமைப்பின் ஆஸ்லோ கையேடு நிறுவனத்திடமே நேராகக் கேட்கும் வழிக்கு வந்தது. உலகத்துக்கே புதிதாக இருக்கவேண்டும் என்றுகூட அது சொல்லவில்லை. அந்த நிறுவனத்துக்குப் புதிதாக, முன்பிருந்ததிலிருந்து கணிசமாக வேறுபட்டு, பயன்பாட்டுக்கும் வந்திருந்தால் போதும். பட்டறைக்காரர் இதில் நிச்சயம் வருவார். நம் கேள்விதான் அவரை வெளியே நிறுத்தியது.

கேட்கும் விதத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்பவர்கள் நார்வேயைப் பார்க்கட்டும். புத்தாக்கக் கேள்விகளை ஆராய்ச்சிக் கணக்கெடுப்போடு சேர்த்துக் கேட்டவரை அங்கே புத்தாக்க நிறுவனங்களின் விகிதம் தாழ்வாகவே வந்தது. தனிக் கணக்கெடுப்பாகப் பிரித்ததும் நன்றாகவே ஏறியது. இப்படிப்பட்ட எண்களும் சேர்ந்துதான் பல அளவுகளை ஒரே எண்ணாக்கும் கூட்டுக் குறியீட்டெண் ஆகிறது, நாடுகளுக்கு ரேங்க் ஆகிறது. ரேங்க் மட்டும்தான் தலைப்புச் செய்தியில் நிற்கிறது. இதற்கு மேல் எழுதினால் இன்னும் வேலையில் இருப்பவர்களுக்குச் சிக்கல்.

பழைய கேள்வியோடு வந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மறுபடி அதே நிலைமை வந்தாலும் போடுவேன் என்பதையும் மறைக்கமாட்டேன். ஒரே சுற்றில் கேள்வியை மாற்றினால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கும் காலத்தொடர் அறுந்துபோகும். எண் ஏறினால் நிறுவனங்கள் மாறினவா, கேள்வி மாறியதால் ஏறியதா என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே? பாதிப் பாதியாக இரண்டையும் ஓட்டிப் பார்ப்போம் என்று நான் அப்போதே சொன்னேன். “பட்டறைக்காரருக்குப் பாதி நியாயமா?” என்று கேட்டுவிட்டு ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனீர்கள். எல்லோரும் உங்கள் நேர்மையைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் கேள்விக்காக மன்றாடியது யார் அக்கா? நீங்கள் கூட இருந்திருந்தால் இது எப்போதோ முடிந்திருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனாலும் வரைவைத் தயாரிக்கும்போது உங்கள் வரிகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எனக்கு மனசு வரவில்லை. ‘பராமரிப்புக் கணக்கில் எழுதிய செலவையும் சேர்க்கவும்’ என்று ஒரு குறிப்பை மட்டும் கீழே சேர்த்திருக்கிறேன். அது இல்லாமல் புத்தாக்கச் செலவு மறுபடி பூஜ்யமாகத்தான் வரும் என்பது என் எண்ணம். கணக்காளர்கள் எதிர்ப்பார்கள், சாதாரண ரிப்பேர் செலவும் கூடவே உள்ளே நுழைந்துவிடும் என்று. அதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

வரைவை உங்கள் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம், அந்தக் குறிப்பைப் படித்துத் திருத்தி அனுப்புங்கள். மாதக் கடைசியில் படிவம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி