மருமகன் கேட்ட கேள்வி

அன்புள்ள செல்வராசுவுக்கு,

சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். சாமியப்பன் மட்டும் வழக்கம்போல், நலமாக இருப்பதையே ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எழுத வைத்தது அண்ணன் மகள் கயல்விழியின் செய்தி. அவளுக்கும் அவள் கணவருக்கும் தலசீமியா மைனர், அதாவது ஒரு பரம்பரை இரத்த நோயின் பழுதான மரபணுவைச் சுமக்கும் நிலை, இருப்பது சென்ற மாதம் இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. அதனால் அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பிள்ளை அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் பட்டாணிச் செடிக்கு நான் போட்ட அதே நான்கு கட்டங்கள்தாம். அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது, நான்காவது கட்டத்தைக் கோடிட எனக்குக் கை வரவில்லை.

மருத்துவர் வழி சொல்லியிருக்கிறார். உடலுக்கு வெளியே கருவுறச் செய்து, ஐந்து நாள் வளர்ந்த கருவின் வெளிப்புறத்திலிருந்து சில செல்களை எடுத்துச் சோதித்து, நோயில்லாத கருவை மட்டும் கருப்பையில் வைப்பது. எதையும் வெட்டவோ ஒட்டவோ இல்லை, இருப்பதில் தேர்ந்தெடுப்பது மட்டுமே. நான் மனமார ஒப்புக்கொண்டேன். அப்போதுதான் மாப்பிள்ளை, மிகப் பணிவாகவே கேட்டார்: "இவ்வளவு செலவு செய்கிறோமே மாமா, அப்படியே கொஞ்சம் உயரமும் நிறமும் பார்த்து எடுக்க முடியாதா?"

செல்வராசு, எனக்குக் ‘கட்டாக்கா’ படம் நினைவுக்கு வந்தது. பிறக்கும் முன்பே மரபணு பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் உலகைக் காட்டி 1997இல் வந்த ஆங்கிலப் படம். நீ என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காட்டியதும், சண்டையே இல்லாத படத்துக்குக் காசைப் பிடுங்கிவிட்டாய் என்று உன்னை ஒரு வாரம் நான் வைததும் மறந்திருக்காது. அதில் ஒரு தம்பதி இரண்டாவது பிள்ளைக்காக மருத்துவர் முன் உட்கார்ந்திருப்பார்கள். மூத்தவனுக்கு விளையாட ஒரு தம்பி வேண்டும் என்பார்கள். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பதைத் தடுக்கும் நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஒரு வாக்கியமே அந்த அறையை மூட வைத்துவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கண்ணின் நிறம், முடியின் நிறம், வெளிர் தோல் என்று அவர்கள் கேட்டதையெல்லாம் மருத்துவர் படித்துக்காட்டுவார். அந்த மருத்துவராகக் கறுப்பின நடிகர் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அன்று இது எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில், நம் தெரு மணமகள் விளம்பரங்களில் வரும் அதே சொல்லை மாப்பிள்ளை வாயிலிருந்து கேட்டபோது உறைத்தது.

அறிபுனைப் படங்களின் பிழைகளைப் பிடிப்பதில் நாம் இருவரும் சளைத்தவர்கள் அல்லோம். ‘ஜுராசிக் பார்க்’ படத்தை எடுத்துக்கொள். டைனோசர் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நியூசிலாந்து மோவாப் பறவையின் எலும்புகளை ஆராய்ந்து, டி.என்.ஏ.வின் இணைப்புகளில் பாதி 521 ஆண்டுகளில் அறுந்துவிடும் என்று 2012இல் கணக்கிட்டார்கள். இதுவரை கிடைத்ததில் மிகப் பழையது கிரீன்லாந்தின் உறைமண்ணில் கிடைத்த சுமார் 20 இலட்சம் ஆண்டுப் பழமைதான். டைனோசர் இரத்தம் குடித்து அம்பரில், அதாவது உறைந்த மரப்பிசினில், சிக்கிய கொசுவை நம்பி வேலி போடுவது வீண். அந்த டி.என்.ஏ.வின் இடைவெளியை நிரப்ப உறவுக்காரப் பறவையை விட்டுவிட்டுத் தவளையை ஏன் பிடித்தார்கள் என்று நீ கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. ‘ஏழாம் அறிவு’ பற்றி நான் பேசத் தொடங்கினால் உன் தங்கை இன்னமும் எழுந்து போய்விடுகிறாள். 1,600 ஆண்டுக்கு முந்தைய போதிதருமரின் வித்தையை, இன்றைய வழித்தோன்றல் ஒருவனின் டி.என்.ஏ.விலிருந்து எழுப்புகிறார்களாம். 1,600 ஆண்டு என்றால் ஐம்பது தலைமுறைக்கு மேல். பன்னிரண்டு தலைமுறை தாண்டினாலே, குறிப்பிட்ட ஒரு முன்னோரின் டி.என்.ஏ.வில் ஒரு துண்டுகூட நம்மிடம் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அதில் அவர் கற்ற வித்தை இராது.

இந்தப் பிழைகளெல்லாம் யாரையும் கெடுக்கவில்லை. டைனோசர் முட்டை வேண்டும் என்று எந்த மாப்பிள்ளையும் கேட்கப்போவதில்லை. கெடுப்பது பாதி உண்மையான படம். கட்டாக்காவில் குழந்தை பிறந்த சில நொடிகளில் ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து, இதய நோய்க்கு 99 விழுக்காடு வாய்ப்பு, ஆயுள் 30.2 ஆண்டு என்று தாதி படித்துவிடுவாள். அந்தப் புள்ளி இரண்டைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். தலசீமியா ஒற்றை மரபணுவின் பழுது, அதைச் சொல்லலாம். உயரம் அப்படியன்று, 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஆராய்ந்து, அதனோடு தொடர்புடைய ஏறத்தாழ 12,000 இடங்களை 2022இல் பட்டியலிட்டார்கள். நான்கைந்து கருக்களை வைத்துக்கொண்டு எந்த உயரத்தை எடுப்பது? நிறமும் பல மரபணுக்களின் கூட்டு வேலைதான். இருந்தும், விற்பவன் ஒருவன் அந்தப் புள்ளி இரண்டைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் மாப்பிள்ளை வாங்குவார். படம் பயந்ததும் அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அங்கே மரபணுவை வைத்து ஆளை ஒதுக்குவது சட்டப்படி குற்றம்; ஆனாலும் வேலைக்கு வந்தவனின் சிறுநீர்க் கோப்பையே நேர்காணலாகிவிடும். அமெரிக்காவில் அத்தகைய சட்டம் 2008இல்தான் வந்தது. அதிலும் ஆயுள் காப்பீடு சேரவில்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் இப்படி நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நிறம் பார்க்கிற ஆள் கயலை ஏன் கட்டினீர்கள்?" என்பது. கூடமே அமைதியாகிவிட்டது. கயல் எழுந்து உள்ளே போனாள். அவள் நிறம் என் நிறம், எங்கள் அம்மாவின் நிறம். அவளைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அவளையே அடித்துவிட்டேன். அண்ணி பன்னிரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நோயை விலக்கலாம், நிறத்தை விலக்கக் கூடாது என்று நான் போட்ட கோடு எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் என் கண்ணாடியின் பவர் மைனஸ் ஒன்பது என்பது உனக்குத் தெரியும். கிட்டப்பார்வை எந்தப் பக்கம் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

தீபாவளிக்கு நீ வருகிறாய் அல்லவா? அந்தப் படத்தின் குறுந்தகடு உன் அலமாரியில் இருந்தால் எடுத்து வா. அண்ணன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். படம் முடிந்ததும் நீ பேசு. நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறேன்.

என்றும் உன்,
முத்துக்குமரன்