அடிபம்பின் கைப்பிடியும் இறப்புப் பதிவேடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த காலரா கட்டுரை, 1854-இல் லண்டன் பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றதாகச் சொல்கிறது. தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது நிற்காது. ஆகஸ்ட் 31 இரவு வெடித்த நோய், அடுத்த ஓரிரு நாளிலேயே உச்சத்தைத் தொட்டது. பயந்துபோய் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் ஏராளம். கைப்பிடியைக் கழற்றிய செப்டம்பர் 8-ஆம் தேதிக்குள் சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தப் பம்புத் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று சொல்லிக் கைப்பிடியைக் கழற்றவைத்த மருத்துவர் ஜான் ஸ்னோவே இதை மறைக்கவில்லை.

அப்படியானால் கழற்றியது வீண்வேலையா? இல்லை. அதற்கான ஆதாரம் இறப்புப் பதிவேட்டில் கிடந்தது. ஸ்னோ சொன்னது தவறென்று காட்டவே விசாரணையில் இறங்கிய, அப்பகுதித் தேவாலயத்தின் உதவிக் குரு ஹென்றி ஒயிட்ஹெட், 1855-இல் அதைக் கண்டெடுத்தார். 40-ஆம் எண் வீடு, செப்டம்பர் 2, ஐந்து மாதப் பெண் குழந்தை. சாவுக்கு நான்கு நாள் முன் கண்ட வயிற்றுப்போக்கால் சோர்வு. காலரா என்ற சொல்லே பதிவில் இல்லை. ஆனால் அந்த நான்கு நாளைக் கழித்துப் பாருங்கள்: தெருவில் நோய் வெடிக்கும் முன்பே இந்த வீட்டில் அது இருந்திருக்கிறது. குழந்தையின் துணி அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு முன்புற மலக்குழியில் கொட்டியிருக்கிறார். தோண்டிப் பார்த்தபோது குழியின் செங்கல் கட்டு சிதைந்திருந்தது. பம்புக் கிணற்றுக்கும் அதற்கும் இடையே மூன்றடிகூட இல்லை.

கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டியது இனிமேல்தான். குழந்தையின் தந்தை காலராவில் படுத்தது செப்டம்பர் 8, இறந்தது 19. அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போனது. கைப்பிடி இருந்திருந்தால் அந்தத் தெரு இரண்டாம் முறையும் பிணம் தூக்கியிருக்கும்.

இங்கிலாந்தின் அக்காலப் பதிவேடுகளைப் புரட்டும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒன்று. மரணக் காரணம் என்ற கட்டத்தை மட்டும் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். மருத்துவர் சான்று கட்டாயமானது 1874-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அதற்கு முன் குடும்பத்தார் சொன்னதே பல இடங்களில் பதிவாகியிருக்கும். 'பல் முளைத்தல்', 'வலிப்பு' என்று எழுதிய குழந்தைச் சாவுகளில் எத்தனையோ நோய்கள் ஒளிந்திருக்கின்றன. டைஃபஸும் டைஃபாய்டும் 1869 வரை அரசுக் கணக்கில் ஒரே தலைப்பில்தான் இருந்தன. முன்னது பேன் பரப்புவது, பின்னது தண்ணீரிலும் உணவிலும் வருவது. எனவே வயது, முகவரி, நோய் கண்ட நாள் மூன்றையும் குறித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். நோய் கண்ட நாள் எல்லாப் பதிவிலும் இருக்காது, இருந்தால் விடாதீர்கள்.

– பொதுச் சுகாதார வாசகர், தஞ்சாவூர்