கார்டிஃப் கோல் எக்ஸ்சேஞ்சின் வணிகக் கூடத்தைக் காக்க வேண்டி ஒரு திறந்த மடல்

கார்டிஃப் மாநகராட்சியின் திட்ட அனுமதிக் குழுவினருக்கும், வேல்ஸ் அரசின் மரபுச் சின்னப் பாதுகாப்புத் துறையினருக்கும்,

வணக்கம்.

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபின் பியூட்டவுன் பகுதியில், மவுண்ட் ஸ்டூவர்ட் சதுக்கத்தில் உள்ள கோல் எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய நிலக்கரிச் சந்தைக் கட்டடத்தில் இனி எந்தப் பணிக்கு அனுமதி கோரப்பட்டாலும், அதன் நடுவே இருக்கும் வணிகக் கூடத்துக்கு என்ன நேரும் என்பதை முதலில் பார்த்துவிட்டே நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீடுகள் சூழ்ந்த தோட்டமாக இருந்த அந்தச் சதுக்கத்தின் நடுவில், எட்வின் செவார்டின் வடிவமைப்பில் 1883 முதல் 1888 வரை இக்கட்டடம் எழுந்தது. அதுவரை தெருவிலும் மதுக்கடைகளிலும் நின்று பேரம் பேசிய நிலக்கரி வணிகர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவர வேண்டியிருந்ததால், நடுவே பெரிய கூடமும் அதைச் சுற்றிக் கப்பல் உரிமையாளர்களுக்கும் தரகர்களுக்குமான அலுவலகங்களும் அமைந்தன. ஆகவே, தெருவில் நின்று நாம் வியக்கும் பிரெஞ்சு மறுமலர்ச்சிப் பாணி முகப்பு அந்தக் கூடத்துக்குப் போர்த்திய சட்டைதான்.

1911-12இல் கூடம் புதுப்பிக்கப்பட்டபோது கொரிந்தியத் தூண்களும், ஓக் மரப் பலகை வேய்ந்த சுவர்களும், மாடங்களும் இன்றைய வடிவம் பெற்றன. வாயிலருகே இரண்டு சிங்கங்கள் ஆளுக்கொரு வட்ட முகப்பைத் தாங்கி நிற்கின்றன. பார்வைக்குக் கடிகாரம் போலிருக்கும் அவை அன்றன்று கடல்நீர் ஏறும் ஓத நேரத்தைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. உலகிலேயே மிகப் பெரிய ஓத ஏற்றத்தாழ்வு கொண்ட கடற்பகுதிகளில் ஒன்றான பிரிஸ்டல் கால்வாயில், நீர் ஏறிய வேளையில்தான் பெரிய கப்பல்கள் துறைக்குள் வந்துபோக முடியும். விலை பேசி முடித்தவருக்கு அடுத்து வேண்டியிருந்தது அந்த நேரம். 1913இல் 1 கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரியை ஏற்றுமதி செய்த துறைமுகம் எப்படி இயங்கியது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் மரவேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை. பத்து லட்சம் பவுண்டுக்கான முதல் காசோலை இங்கேதான் எழுதப்பட்டது என்ற கதையைப் பலரும் பெருமையோடு சொல்வார்கள். என் மதிப்பில் அந்தச் சிங்கங்களே பெரிய சான்று.

1958இல் வணிகம் நின்றது. பின்னர் வேல்ஸுக்கென அமைக்கத் திட்டமிட்ட தனிப் பேரவைக்காகக் கூடம் ஆயத்தமாக்கப்பட்டும், 1979 மார்ச் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் அத்திட்டத்தை ஏற்காததால் பேரவை அங்கே அமரவில்லை. இசை அரங்காகச் சில காலம் இயங்கியபின் 2013இல் மூடப்பட்டது. முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உட்பகுதியை இடிக்கும் யோசனையும் அக்காலத்தில் எழுந்தது. விடுதியாக மாறியதால் கட்டடம் பிழைத்தது என்பதை நன்றியோடு ஏற்கிறேன். ஆனால் விடுதிக்கு வருமானம் அறைகளிலிருந்து வருகிறது. கூடமோ வரவைவிடச் செலவையே மிகுதியாகத் தரும். இந்தக் கணக்கில் கூடம் தோற்றுவிடுமோ என்பதே என் அச்சம்.

பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடங்களில் இரண்டாம் தர நட்சத்திரப் பட்டியலில் (Grade II*) உள்ள இக்கட்டடத்துக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. புதிய அறைகளுக்கு ஒப்புதல் தருமுன் கூரை, நீர்க்கசிவுப் பழுதுகளை முடிக்கச் சொல்லுங்கள். மரவேலையைப் பழகிய தச்சர்களைக் கொண்டே செப்பனிடச் செய்யுங்கள். விருந்துகளுக்கு வாடகை கட்டுவோர் மட்டுமன்றி, பியூட்டவுன் பள்ளிப் பிள்ளைகளும் கூடத்துக்குள் கட்டணமின்றி வந்துபோகும் நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
பியூட்டவுன்வாசி ஒருவர்