மைக்குக்குக் கை தெரியாது

அன்புள்ள மூர்த்தி,

நலம். உன் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா? அக்கா சொல்லித்தான் தெரிந்தது. நீயாக எதைச் சொல்லியிருக்கிறாய்! வயலின் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தானா என்று கேட்கச் சொன்னாள். பதில் எங்கள் இருவருக்குமே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் வாத்தியம் கற்றுத்தரும் மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளை வாசிப்பதை மைக் வழியாகக் கேட்டு, சுருதி சேர்ந்தால் பச்சை, விலகினால் சிவப்பு காட்டும். அது வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அதைக் காரணம் காட்டி, அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு வயலின் ஆசிரியர்களில் ஒருவர் போதும் என்கிறார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் வில்லைத் தொடவே கூசும் பையன் ஒருவன், வீட்டில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, தான் தடுமாறும் நான்கு சுரங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வாசித்திருக்கிறான். நம் காலத்தில் கேசட்டை மெதுவாக ஓட்டினால் சுருதியும் கூடவே இறங்கிவிடும், இதில் இறங்குவதில்லை. மறுவாரம் அந்த இடத்தை என் முன்னால் தடங்கலின்றி வாசித்தான். எத்தனை முறை தவறினாலும் முகம் சுளிக்காத துணை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அதை யார் பறித்தாலும் நான் சண்டைக்குப் போவேன்.

இப்போது இன்னொரு பெண்ணைப் பற்றிக் கேள். திரையில் வரிசையாகப் பச்சை. ஆனால் இடது மணிக்கட்டு மடிந்து வயலின் கழுத்தில் ஒட்டிக்கிடக்கிறது. தோள் காதுவரை ஏறியிருக்கிறது. வில் பிடித்த கட்டைவிரல் விறைத்து வெளுத்துப் போயிருக்கிறது. இப்படியே பழகினால் நாளைக்கு அந்தக் கை மேல் சுரங்களுக்கு நகராது, வலியும் வரும். மைக்குக்குக் கேட்பது ஒலி மட்டும்தானே, கை எப்படித் தெரியும்? மணிக்கட்டை நேராக்கினேன். விரல் சற்று இடம் மாறியதில் சுருதி விலகி, திரை சிவந்தது. உடனே கை பழைய இடத்துக்கே ஓடிவிட்டது! ஒரு நல்ல பழக்கத்தின் முதல் நாளை அந்த இயந்திரம் தவறு என்று குறித்துவிட்டது.

திரையைத் திருப்பி வைத்து வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு சுரத்துக்கும் என் முகத்தைப் பார்க்கிறாள். காதுக்கு உரிய வேலையைக் கண் எடுத்துக்கொண்டிருக்கிறது, மூர்த்தி. இது எனக்கு மட்டும் தோன்றுவது அல்ல. உடல் அசைவுகளை மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றி சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984-இலேயே எழுதியிருக்கிறார்கள்: ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் விடை சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது நன்றாகச் செய்வார்கள், விடை சொல்வதை நிறுத்தியதும் தடுமாறுவார்கள். நான் கண்ணால் பார்த்தது அதுவேதான்.

இன்னொரு வேதனை. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும்போது அந்தர காந்தாரம் இயல்பாகக் குழைந்து நிற்கும் இடம் சட்ஜத்திலிருந்து 386 சென்ட் (சுரங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் அலகு). மென்பொருள் எதிர்பார்ப்பது பியானோவின் 400. காதால் சரியாகச் சேர்த்தவனுக்குச் சிவப்பு! சுரத்தைச் சற்று அசைத்து வாசித்தாலும் அதே கதி.

கருவித் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்குத்தான் புரியும். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வருகிறது. அதைக் கேட்டு வாசிக்கும் பிள்ளை தாளம் பிசகிவிட்டதாகத் திட்டு வாங்குகிறது. வயர் ஹெட்போன் மாட்டியதும் தாளம் சேர்ந்துவிட்டது. மடிக்கணினியின் இரைச்சல் நீக்கும் வசதி பேச்சுக்காகச் செய்தது. வில்லை நீளமாக இழுத்தால் அதை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. கீழ்த் தந்தியை, அதாவது 196 ஹெர்ட்ஸை, சில நேரம் ஒரு ஸ்தாயி மேலே என்று காட்டுகிறது. இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்யவும் வகுப்பில் ஓர் ஆள் வேண்டாமா? ஒருவரைக் குறைக்கிறார்களாம்!

உன்னிடம் கேட்பது இதுதான். இந்த மென்பொருள் தொழிலில் இருப்பவன் நீ. வாசிக்கும்போது நிறமே காட்டாமல், முடித்த பிறகு, அதுவும் பிள்ளை தானே 'இந்த இடம் விலகியது' என்று குறித்த பிறகு மட்டும் விடை காட்டும்படி செய்ய முடியுமா? ஆசிரியர் தாமே சுருதி அளவைத் தளர்த்திக்கொள்ள வழி உண்டா? விற்றவர்களிடம் கேட்டால் 'கோரிக்கை பதிவாகிவிட்டது' என்று மட்டும் பதில் வருகிறது.

மாதக் கடைசியில் கூட்டம். அதற்குள் இரண்டு பக்கம் எழுதி அனுப்பு: மைக்கால் என்ன முடியும், என்ன முடியாது என்று. தொலைபேசியில் சொல்லாதே. நான் சொன்னால் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவதாக நினைப்பார்கள். உன் எழுத்தை மேஜைமேல் வைத்தால் படித்தாக வேண்டும். எழுதும் முன்பு அந்தப் பெட்டியைத் திறந்து, திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் சிவா