காற்றாடிக்கு ஒரு பாசிமணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் காகிதக் காற்றாடி செய்முறை போட்டிருந்தீர்கள். ஆடிக் காற்று அடிக்கிற நேரம் பார்த்துப் போட்டது நல்ல யோசனை. ஆனால் அதில் சொன்னபடியே செய்தால் காற்றாடி சுற்றுவது சந்தேகம்தான்.

முதலில் கைப்பிடி. பிளாஸ்டிக் ஸ்ட்ரா என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்ட பொருள். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கவே தடை. பிள்ளைகள் அதைத் தேடி எங்கே போவார்கள்? எங்கள் அரூர் பக்கம் மாட்டுக்குப் போர் போட்டு வைத்திருக்கும் சோளத்தட்டையில் ஒல்லியாக ஒன்றை உருவினால் வேலை முடிந்தது. உள்ளே மெத்தென்று இருப்பதால் குண்டூசி சுலபமாக இறங்கும். தோல் கையைக் கிழிக்கும் என்பதால் பெரியவர்கள் நறுக்கிக் கொடுப்பது நல்லது. டவுன் பிள்ளைகளுக்குப் பின்னால் ரப்பர் வைத்த பென்சில் இருக்கிறது. ரப்பரிலேயே ஊசியைக் குத்திவிடலாம்.

அடுத்தது, நீங்கள் விட்டுவிட்ட பாசிமணி. காகிதத்துக்கும் தட்டைக்கும் நடுவில் ஒரு மணி கோக்காவிட்டால் இரண்டும் உரசி, காற்றாடி இரண்டு சுற்றில் நின்றுவிடும். ஊசி தட்டையில் இறுக்கமாக நிற்க வேண்டும், காகிதம் ஊசியில் லூசாக இருக்க வேண்டும். அதனால் நடுவில் குத்திய ஓட்டையை ஊசியாலேயே சுழற்றிக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். அப்புறம் ஊசியின் கொண்டை அந்த ஓட்டைக்குள் நழுவாமல் இருக்க, முன்பக்கம் வட்டமாக ஒரு துண்டு அட்டை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மடக்கிவிடச் சொல்லி ஒரு வரியாவது போட்டிருக்கலாம். கையில் பிடித்து ஓடுவது சின்னப் பிள்ளைகள்.

வெட்டும் அளவும் இல்லை. 15 செ.மீ. சதுரம் என்றால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் நடுப்புள்ளியைப் பார்த்து 7 செ.மீ. வெட்டி நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் நடு கிழிந்துவிடும். இப்போது எட்டு முனைகள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக நான்கை மட்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு முனை மாறினாலும் காற்று ஒரு பக்கம் தள்ளுவதை இன்னொரு பக்கம் தடுத்துவிடும். உங்கள் நான்காவது படத்தில் முனைகளை அழுத்தி மடித்திருக்கிறார்கள். சும்மா வளைத்தால் போதும், காற்று போய்த் தள்ள அங்கே குழிவு வேண்டுமே! காகிதத்துக்கு மாதக் காலண்டர் தாள் நல்லது. தினசரிக் காலண்டர் தாள் துவண்டுவிடும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பனையோலையும் கருவேல முள்ளும்தான். அதில் காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை. இன்று ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனால் கலர் கலராகப் பிளாஸ்டிக் காற்றாடி விற்கிறார்கள், பிள்ளைகள் அடம்பிடித்தால் நாமும் வாங்கித்தான் தருகிறோம். சரி, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டிலேயே செய்ததும் அதே மாதிரி சுற்றினால்தான் பிள்ளைகளுக்கு இதில் ஆசை நிற்கும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை, வெட்டுக்கோடு போட்ட சதுரத்தை அந்தப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அதன் பின்பக்கம் தொடர்கதை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரம்மா இன்னும் அந்த வாரக் கதையைப் படித்து முடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.