அந்தச் செந்தூரா மாம்பழப் பெட்டி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் சுற்றிய அந்த வாட்ஸ்அப் வீடியோ உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். மீதிப் பேருக்கு இந்த வாரம் வந்துவிடும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வெட்டிய செந்தூரா, தோலில் நிறம் ஏறியிருக்கிறது, உள்ளே வெளிறிப்போய் ஒரே புளிப்பு. "கல் வைத்த பழம்" என்கிறார் வீடியோ எடுத்த அம்மா. பெட்டி எங்களுடையதுதான். கல் மட்டும் எங்களுடையது இல்லை.

காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கும் கார்பைட் கல்லுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை இருக்கிறது. பழுக்க வைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை வைக்கலாம் என்று 2016-ல் அனுமதித்தார்கள். அதைக்கூட நாங்கள் வைப்பதில்லை. உண்மையைச் சொன்னால், அதற்கென்று அறை கட்டக் காசும் இல்லை. அப்பா காலத்திலிருந்து வைக்கோல்தான். சந்தேகம் இருப்பவர்கள் வாழப்பாடி தோப்புக்கு எந்த நாளும் வரலாம். விடிகாலையில் வைக்கோல் அறைக் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அந்த வாசனையும் கதகதப்பும் கல்லுக்கு வராது. வருஷத்தில் பத்து மாதம் மரத்துக்குச் செலவழித்துவிட்டு நாங்கள் காத்திருப்பதே அந்த வாசனைக்குத்தான். இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வீடியோவில் காம்புப் பக்கம் தோல் சுருங்கியிருப்பதைப் பாருங்கள். அது வெம்பல். முற்றாத காயைப் பறித்து வைக்கோலில் போட்டால் பழுக்காது, வெம்பும். தப்பு அங்கேதான் நடந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

எங்களிடம் 22 வருஷம் காய் பறித்த பெரியவர், முழங்கால் வலியால் பொங்கலோடு நின்றுகொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். காம்பைச் சுற்றித் தோள் ஏறி நடுவில் குழி விழுந்திருக்கிறதா, தோலில் சாம்பல் பூத்திருக்கிறதா என்று கீழே நின்றே பார்த்துவிட்டுத்தான் துறட்டியை நீட்டுவார். பால் வழிந்து தோல் கருக்காமல் இருக்கக் கட்டைவிரல் நீளம் காம்பு விட்டே அறுப்பார். ஒரு காய் மண்ணில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க முகம் தூக்கி வைத்திருப்பார். புதுப் பையன்கள் பெருவெட்டாக இருந்தால் போதும் என்று பறித்துவிட்டார்கள். பையன்கள் நல்ல பையன்கள், கண் இன்னும் பழகவில்லை.

இப்போது ஒவ்வொரு காயையும் தொட்டித் தண்ணீரில் போடுகிறோம். முற்றியது மூழ்கும், இளங்காய் மிதக்கும். மிதப்பதெல்லாம் ஊறுகாய்க்கு. என் மனைவி இரண்டு வாரமாக ஊறுகாய் போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அந்த அம்மாவுக்கு மறுநாளே வேறு பெட்டி கொடுத்துவிட்டோம். நன்றாக இருந்ததாகச் சொன்னார். அதற்கு வீடியோ போடவில்லை, பரவாயில்லை.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அதே குரூப்பில் "நம்ம கடை அப்படிச் செய்யாது" என்று எழுதிய அஸ்தம்பட்டி டீச்சருக்கும், கடைக்கே வந்து "விடுங்க தம்பி" என்று இரண்டு பெட்டி வாங்கிப் போனவர்களுக்கும் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக் குழந்தைகள் கொட்டையைச் சப்பிக்கொண்டு நிற்கும் போட்டோக்களைக் கல்லாப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மல்கோவாவும் இமாம் பசந்தும் வந்துவிட்டன. இமாம் பசந்து பழுத்தாலும் தோல் பச்சையாகத்தான் இருக்கும். அமுக்கிப் பார்க்காமல் மோந்து பாருங்கள். போன வருஷம் கொட்டிக் காய்த்த மரங்கள் இந்த வருஷம் ஓய்வெடுக்கின்றன, அதனால் கிலோவுக்கு 40 ரூபாய் கூடுகிறது, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது ஞாயிறு மட்டும்.

அப்புறம், ஆனிக் கடைசியில் நீலம் மாம்பழம் வரும். கொட்டைக்குள் வண்டு இருந்தால் தயவுசெய்து வீடியோ எடுக்க வேண்டாம். அது பிஞ்சிலேயே உள்ளே போய்க் குடியேறுவது, வெளியே ஓட்டைகூடத் தெரியாது. கடைக்குக் கொண்டுவாருங்கள், வேறு பழம் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாம்பழக் கடைக்காரன்,
சேலம்